அவர் கிட்டாருக்கு ஒரு பிக்கப்

என் கணவரின் கிட்டாரை வெள்ளம் கெடுத்துவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் கெடுத்தது நான்.

ஆற்றங்கரை ஊரான எங்கள் கோத்தா திங்கிக்காரர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டு ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டால், அரிசியை மேலே ஏற்றுவோம், பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டுவோம், லோரி வந்ததும் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். தண்ணீர் வடிந்த பிறகு செய்ய வேண்டியதும் மனப்பாடம். சேற்றைத் தள்ளு, பிளீச் கலந்த தண்ணீரை ஊற்று, வாட்டர் ஜெட்டால் பீய்ச்சி அடி, வேலியில் காயப்போடு. வெள்ளத் தண்ணீர் பட்ட எதையும் இப்படிக் கழுவாமல் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. எலிக் காய்ச்சல் வந்து போன வீடுகள் எங்கள் வரிசையிலேயே உண்டு.

எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு வாட்டர் ஜெட். அது வீடு வீடாகப் போகும். என் முறை வந்தபோது மெத்தை, சோபா, நாற்காலி, செருப்பு அலமாரி என்று வாசலில் வரிசையாக நிறுத்திப் பீய்ச்சினேன். கிட்டார் கட்டில்மேல்தான் இருந்தது. தண்ணீர் கட்டிலைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருந்ததால், பையோடு நனைந்து சேறு பிடித்திருந்தது. அதற்கும் விதிவிலக்குக் கொடுக்கவில்லை. முதலில் பிளீச், பிறகு ஜெட், இடுக்கு விடாமல். வேலியில் மெத்தைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தபோது பளபளவென்று இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவர் அப்போது சக்கர நாற்காலியில் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். நான் பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டே, "ஓகே, ஓகே, ஓகே" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

அதற்கு ஐந்து மாதம் முன்புதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டர் வேலை பார்த்தவர். வேலைக்குக் கிளம்பக் காலுறை போட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. ஓகே. பசிக்கிறதா என்றால் ஓகே. பசிக்கவில்லையா என்றாலும் ஓகே. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். அவருக்குப் புரிவது வேறு, வாயில் வருவது வேறு. உள்ளே இல்லை என்று நினைத்தாலும் வெளியே ஓகேதான் வரும். அதனால் அவர் ஓகேயை நம்பாதீர்கள் என்றாள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, கட்டினவரின் சம்மதத்தை நம்பாதே என்று ஒரு சின்னப் பெண் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

அவளே இன்னொன்றும் சொன்னாள். இசை தெரிந்தவர் என்றால் அதை விடாதீர்கள், சிலருக்குப் பேச்சு வராத இடத்திலும் இசை வரும். ஆலை வேலை அவருக்குச் சோறு. சனி ஞாயிறுகளில் அவர் ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசித்தார். கல்யாணம், கோயில் திருவிழா, சங்க விருந்து, எதுவானாலும் லாயாங் லாயாங்கிலிருந்து யோங் பெங் வரைக்கும் வேனில் போய் வாசித்துவிட்டு வருவார். வாசிப்பது வலது கை என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். ராகம், சுதி எல்லாவற்றையும் பிடிப்பது இடது கைதானாம், வலது கை தந்தியை மீட்ட மட்டும்தானாம். அவருடைய இடது கை நன்றாகவே இருந்தது. அந்தக் கைக்காகத்தான் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்து, சின்ன ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரைச் செருகினேன். உர்ர்ர் என்று ஒரு சத்தம். தந்தியைத் தட்டினால் அந்த உர்ர்ரில் எந்த மாற்றமும் இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். "ஓகே" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

உலு திராமில் ஒரு தம்பி கிட்டார் பழுது பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கிட்டாரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி வாரநாளில் சிங்கப்பூர் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் வாசிப்பு, மதியத்துக்குமேல் வீட்டுக் கார் போர்ச்சில் பழுது வேலை என்று ஓடிக்கொண்டிருந்தவர். கிட்டாரின் முன்பலகையைக் கழற்றி என்னிடம் திருப்பிக் காட்டினார். தந்திகளுக்கு அடியில் மூன்று சின்னப் பெட்டிகள் இருந்தன. பிக்கப் என்றார். உள்ளே காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்குமாம். தந்தி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதானாம். எங்களுடையதில் செம்பு பச்சை பூத்திருந்தது.

"அக்கா, இத பிளீச் போட்டு கழுவினீங்களா?"

"வெள்ளத் தண்ணி பட்டுச்சு. கழுவாம என்ன செய்றது?"

"சும்மா காய விட்டிருந்தா ரெண்டாச்சும் பொழைச்சிருக்கும்க்கா. இப்ப மூணும் போச்சு. மாத்தணும்லா."

"சரி, மாத்திடுங்க. இதே மாதிரி போட்டுடுங்க."

தம்பி தலையைச் சொறிந்தார். அதில் என்ன மாதிரி போட்டிருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கிட்டாரோடு வந்தவை இல்லையாம் அவை. என் கணவர் எப்போதோ ஒவ்வொன்றாக வாங்கி மாற்றியிருக்கிறார். மேலே எந்தப் பெயரும் இல்லை. அளந்து பார்க்கலாம் என்றால் சுருள் அறுந்து கிடக்கிறது.

"அண்ணனோட சவுண்டு எப்படி இருக்கும்க்கா? அத சொல்லுங்க, கிட்டத்தட்ட புடிச்சிடலாம்."

நான் பதினெட்டு வருஷமாக ஒரு ஹார்ட்வேர் கடையில் கவுண்டரில் இருக்கிறேன். குழாய்க்கு வாஷர் வேண்டும் என்று வெறுங்கையோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன அளவு என்றால் தெரியாது. பித்தளையா ரப்பரா என்றால் தெரியாது. இந்தப் பெரிசு இருக்கும் என்று விரலை வளைத்துக் காட்டுவார்கள். தேய்ந்துபோன பழையதையாவது கொண்டு வரக்கூடாதா, உங்கள் வீட்டுக் குழாய் எனக்குக் கனவிலா வரும் என்று திட்டி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கார் போர்ச்சில் நான் விரலைக்கூட வளைத்துக் காட்ட முடியாமல் நின்றேன்.

எனக்கு அவர் கிட்டாரின் சத்தம் தெரியாது.

தெரியாது என்றால் கேட்டதே இல்லை என்று பொருளில்லை. வீட்டில் தினமும் வாசித்தார். ஆனால் நான் சீரியல் பார்க்கும் நேரத்தில் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வயரைச் செருகாமலே வாசிப்பார். டிக்கு டிக்கு என்று கம்பி தட்டுகிற சத்தம் மட்டும் அறைக்குள்ளிருந்து வரும். நான் கேட்ட கிட்டார் அதுதான். அதற்கும், "அந்தக் கட்டையக் கீழ வச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் வாசிக்கும் கல்யாணங்களுக்குச் சொந்தம் என்றால் மட்டும் போவேன். போனாலும் ஸ்பீக்கர் பக்கம் உட்கார மாட்டேன், தலைவலி. கடைசி மேசையில் உட்கார்ந்து, பிரியாணியில் கறி எத்தனை துண்டு என்று பார்த்துவிட்டு, வண்டி வைத்த இடத்தை மறக்காமல் கிளம்பிவிடுவேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

"கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன். அவரிடம் கேட்க முடியாது, அவரோடு வாசித்தவர்களிடம் கேட்கலாமே.

குழுவில் கீபோர்டு வாசிப்பவருக்குப் போன் போட்டேன். பதினைந்து வருஷம் மேடையில் என் கணவருக்குப் பக்கத்தில் நின்றவர். அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கப்போகிறது.

"அண்ணே கிட்டாரா? சூப்பரா இருக்கும் அண்ணி."

"சூப்பர்னா எப்படி? கூர்மையா, கனமா?"

"எல்லாந்தான் அண்ணி. ஒரு கல்யாணத்துல எத்தனை விதம் இருக்கு, சொல்லுங்க. மொதல்ல மெலடி, அதுக்கப்புறம் குத்துப் பாட்டு. மலாய்க்காரங்க மேசைக்கு ஒரு டாங்டுட் பாட்டு போடணும். மாப்பிள்ளையோட கூட்டாளிங்க ராக் கேப்பாங்க. அண்ணே எல்லாத்தையும் அந்த ஒரே கிட்டார்ல முடிச்சிடுவாரு. சுவிட்ச இப்படித் தள்ளுவாரு, அப்படித் தள்ளுவாரு. எதுக்கு எதுன்னு எனக்கு எங்க தெரியுது? என் பாட்டப் பாக்கவே நேரம் சரியா இருக்கும்."

கீபோர்டுக்காரர் மேல் தப்பில்லை. இருந்தாலும் போனை வைத்த பிறகு கோபம் வந்தது. கூடவே நின்ற மனுஷனுக்குத் தெரியவில்லை என்று கோபம். கூடவே படுத்த எனக்கு மட்டும் தெரிந்ததா என்று அந்தக் கோபம் உடனே என் பக்கம் திரும்பியது.

அடுத்ததாக வீடியோ. இத்தனை கல்யாணத்தில் வாசித்தவர், ஏதாவது ஒரு வீடியோவில் அகப்படாமலா போவார். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்டு ஆறேழு வீட்டிலிருந்து வாங்கினேன். சமையல் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டினேன். எல்லா வீடியோவிலும் மேடை தெரிகிறது. இரண்டில் அவர் முழுசாகத் தெரிகிறார். ஒன்றில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தோளை லேசாகத் தூக்கி என்னவோ வாசிக்கிறார், பாடுகிறவர் திரும்பி அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்படி என்ன வாசித்தார் என்று கேட்க முடியாது. நம் ஊர் கல்யாண வீடியோக்காரர்கள் மண்டபத்துச் சத்தத்தை வைத்துக்கொள்வதே இல்லை. மொத்தமாக அழித்துவிட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். ஏழு வீடியோவிலும் அதேதான். அவர் விரல் ஒன்று வாசிக்கிறது, காதில் வேறொன்று விழுகிறது. எங்கள் கல்யாண வீடியோவும் அப்படித்தான் இருக்கிறது. அப்போது அதைக் கேட்டு நான்தான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

அந்த நீலச் சட்டை வீடியோவை அவருக்குக் காட்டி, "என்னங்க, இதுல சுவிட்சு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டேன். இடது கையால் திரையைத் தொட்டார். படம் நின்றுபோனது. மறுபடி ஓட விட்டேன். மறுபடி தொட்டார். "ஓகே" என்றார். அவர் சுவிட்சைக் காட்டினாரா, தன்னைக் காட்டினாரா, போதும் நிறுத்து என்றாரா, எனக்கு விளங்கவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை மறுபடி உலு திராம். அந்தத் தம்பி நல்ல மனசுக்காரர். வாயால் சொல்ல முடியாவிட்டால் அண்ணன் காதால் கேட்டுச் சொல்லட்டும் என்று, மூன்று விதப் பிக்கப் போட்ட மூன்று கிட்டார்களைத் தன் கூட்டாளிகளிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அவரைச் சக்கர நாற்காலியோடு ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நிறுத்தினோம்.

முதல் கிட்டார் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டியதுபோல் கணீரென்று இருந்தது. ஒற்றைச் சுருள் என்றார் தம்பி. இரண்டாவது கனமாக, அடித்தொண்டையில் பேசுகிற ஆள் மாதிரி. அது இரட்டைச் சுருள். மூன்றாவதில் முன்னால் இரண்டு ஒற்றை, பின்னால் ஒரு இரட்டை, அந்த இரட்டையையும் ஒரு பொத்தானை இழுத்தால் ஒற்றையாக்கிக்கொள்ளலாமாம். நான் எதையும் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாவதுக்கு "ஓகே" என்றார். தம்பி முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணனுக்குப் புடிச்சிருக்குக்கா."

"இருங்க. அவரு டீயில உப்புப் போட்டாலும் ஓகேதான் சொல்லுவாரு."

இரண்டாவதுக்கும் ஓகே. மூன்றாவதுக்கும் ஓகே. வாயை விட்டுவிட்டுக் கையைக் கேட்கலாம் என்று, "புடிச்சதுக்கு மட்டும் இந்தக் கையத் தூக்குங்க" என்றேன். மூன்றுக்கும் தூக்கினார். விரல் ஏதாவது சொல்கிறதா என்று பார்த்தேன். தம்பி எதை வாசித்தாலும் இடது கை விரல்கள் தொடையின் மேல் அழுத்தி அழுத்தி எடுத்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான்.

கடைசியில் நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். தம்பி எழுந்து உள்ளே போய், தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு வந்தார். என் கணவர் நல்ல கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஓகே, ஓகே" என்றார்.

கடையில், எந்த அளவு என்று தெரியாமல் வந்து, திட்டினாலும் போகாமல் நிற்கிறவர்களுக்கு நான் நடு அளவை எடுத்துக் கொடுப்பேன். பெரும்பாலும் பொருந்திவிடும். பொருந்தாவிட்டாலும் அதிகம் ஒழுகாது.

"அந்த மூணாவதே போட்டுடுங்க தம்பி."

"நல்ல முடிவுதான்க்கா. அது எல்லாத்துக்கும் ஒத்து வரும்."

இரண்டு வாரத்தில் கிட்டார் வந்தது. தண்ணீரில் ஊறி லேசாக வளைந்திருந்த கழுத்தையும் தம்பி நேராக்கி, புதுத் தந்தி போட்டுக் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம் டிவியை நிறுத்தினேன். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கிட்டாரை மடியில் சாய்த்து, வாரை மாட்டிவிட்டேன். வலது கை பக்கத்தில் தொங்கியது. இடது கை தானாகவே கிட்டாரின் கழுத்தைப் பிடித்தது. எத்தனையோ மாதமாக எதையும் தேடித் தேடி எடுக்கிற அந்த மனுஷனின் விரல்கள், கொஞ்சமும் தேடாமல் போய்த் தந்திகள்மேல் உட்கார்ந்துகொண்டன.

மீட்ட வேண்டிய கை என்னுடையது. அவருக்கு வலப்பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தந்தி மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தேன். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து சத்தம் வந்தது, நிறைய, வீட்டை நிரப்பிக்கொண்டு. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"இல்ல" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். மறுபடி இழுத்தேன்.

"இல்ல."

ஏழு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த இரண்டாவது சொல். சுவிட்ச் ஐந்து நிலைக்குத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒன்று தள்ளி இழுத்தேன். இல்ல. இன்னொன்று. இல்ல. பொத்தானை இழுத்துப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன். ஐந்து நிலைக்கும் இல்லதான், ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தெளிவாக. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நான் குழம்பில் புளி கூட்டிப் போட்ட நாட்களில் பார்ப்பாரே, அதே எரிச்சலோடு என்னைப் பார்த்தார். அந்த எரிச்சலைக் கண்டதும் எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த மனுஷன் அந்தப் பார்வைக்குள் முழுசாக இருந்தார்.

"அப்ப எது மாதிரிங்க வேணும்? மொதல்ல கேட்டமே, அதுவா? கனமா இருந்துச்சே, அதுவா?"

வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ரொம்ப நேரம் முயன்றார்.

"ஓகே" என்றார்.

மறுநாள் அந்தத் தம்பிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை அக்கா, கிட்டாரைக் கொண்டு வாருங்கள், வேறொன்று போடலாம், சரியாக வருகிற வரைக்கும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். வருகிறேன் என்றேன். இதுவரை போகவில்லை.

தினமும் சாயங்காலம் கிட்டாரை மடியில் வைத்துவிடுகிறேன். அவர் பிடிக்கிறார், நான் இழுக்கிறேன், அவர் இல்லை என்கிறார். அந்த ஒன்றை மட்டும் அவர் உள்ளே நினைத்தபடியே வெளியே சொல்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிக்கப்பை மாற்றி, ஏதோ என் அதிர்ஷ்டத்தில் அவருடைய சத்தமே அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் ஓகே என்பார். அது எந்த ஓகே என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?